ரேண்டம் எண் என்றால் என்ன? 1 முதல் 6 வரை ஒரு நம்பரை கம்ப்யூட்டர் எப்படி 'குலுக்கி' எடுக்கிறது? முழு விளக்கம்

ஒவ்வொரு ஆண்டும் பொறியியல் கலந்தாய்வு நேரத்தில் ஒரு செய்தி தவறாமல் வரும். 'விண்ணப்பித்த மாணவர்களுக்கு ரேண்டம் எண் வெளியீடு' என்பதுதான் அது. சமவாய்ப்பு எண் என்றும் இதைச் சொல்வார்கள். 10 இலக்கத்தில் ஒரு நம்பர். இதை வைத்து என்ன செய்கிறார்கள்?

இரண்டு மாணவர்கள் ஒரே கட்-ஆஃப் எடுத்திருந்தால், கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண், பிறந்த தேதி என்று வரிசையாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எல்லாமே சமமாக இருந்தால், கடைசியாக இந்த ரேண்டம் எண்தான் யார் முன்னால், யார் பின்னால் என்று முடிவு செய்யும். பெரிய எண் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை. ஒருவர் விரும்பும் கல்லூரி கிடைப்பதும் கைநழுவிப் போவதும் சில நேரம் இந்த ஒரு நம்பரில்தான் இருக்கிறது.

கலந்தாய்வு மட்டுமல்ல. வங்கியில் இருந்து வரும் ஓடிபி, செல்போனில் விளையாடும் லூடோ பகடை, பாட்டு ஆப்பில் மாறி மாறி வரும் பாடல்கள் என எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே வேலைதான். 'இந்த நம்பரில் இருந்து அந்த நம்பருக்குள் ஏதாவது ஒன்றை எடு' என்று கம்ப்யூட்டரிடம் சொல்வது.

கேட்க ரொம்ப எளிதாக இருக்கிறது. ப்ரோகிராமில் ஒன்றிரண்டு வரிதான். ஆனால் அந்த ஒன்றிரண்டு வரியில் விட்ட தவறுகளால் ஆன்லைன் சீட்டாட்டத்தையே உடைத்துக் காட்டிய கதை உண்டு. அது எப்படி நடந்தது? சரியாக எழுதுவது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கம்ப்யூட்டரால் நிஜமாகவே குலுக்க முடியுமா?

முடியாது. சீட்டு எழுதிப் பானையில் போட்டுக் குலுக்குவது போல கம்ப்யூட்டர் குலுக்குவதில்லை. சொன்னதை அப்படியே செய்யும் இயந்திரம் அது. ஒரே கணக்கை எத்தனை முறை கொடுத்தாலும் ஒரே விடைதான் வரும்.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு நம்பர் எப்படி வருகிறது? ஒரு தொடக்க எண்ணை வைத்துக்கொண்டு, அதில் இருந்து அடுத்த எண், அதில் இருந்து அதற்கடுத்த எண் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போகிறது. அந்தத் தொடக்க எண்ணுக்குப் பெயர் 'விதை எண்'. வருகிற நம்பர்கள் பார்ப்பதற்குத் தாறுமாறாக இருக்கும். ஆனால் எல்லாமே கணக்குதான். அதனால்தான் இவற்றைப் 'போலி ரேண்டம் எண்கள்' என்கிறார்கள்.

கையாலேயே போட்டுப் பார்க்க ஒரு சின்ன உதாரணம்

ஒரு பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். விதி இதுதான்: இருக்கிற எண்ணை 5 ஆல் பெருக்குங்கள், 3 கூட்டுங்கள், 16 ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுங்கள். அந்த மீதிதான் அடுத்த எண்.

விதை எண் 7 என்று வைத்துக்கொள்வோம். 7 ஐ 5 ஆல் பெருக்கினால் 35. 3 கூட்டினால் 38. 16 ஆல் வகுத்தால் மீதி 6. அடுத்து 6 ஐ வைத்துப் போட்டால் 33, மீதி 1. அடுத்து 8. இப்படியே போனால் வரும் வரிசை:

7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4

இதற்குப் பிறகு மறுபடியும் 7. வட்டம் முடிந்துவிட்டது. 0 முதல் 15 வரை எல்லா எண்ணும் சரியாக ஒருமுறை வந்திருக்கிறது. விதியைத் தெரியாதவர் பார்த்தால் தாறுமாறாகத் தெரியும். தெரிந்தவருக்கு அடுத்த நம்பர் எது என்று முன்கூட்டியே தெரியும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பெருக்கி, வகுத்து, மீதி எடுக்கும் இந்த வழியை 1949-ல் அமெரிக்கக் கணிதவியலாளர் டி.எச்.லெமர் முன்வைத்தார். அவருடைய முறையில் கூட்டல் கிடையாது, அது பின்னால் சேர்ந்தது. இன்றைய மொழிகள் இன்னும் பெரிய கணக்கைப் பயன்படுத்துகின்றன. பைத்தான் மொழியில் இருப்பது 'மெர்சென் ட்விஸ்டர்'. ஜப்பானைச் சேர்ந்த மகோடோ மட்சுமோட்டோ, டகுஜி நிஷிமுரா இருவரும் 1997-ல் உருவாக்கியது. நம்முடைய உதாரணம் 16 எண்ணில் வட்டம் அடித்தது அல்லவா? மெர்சென் ட்விஸ்டர் திரும்ப முதல் இடத்துக்கு வர எடுத்துக்கொள்ளும் எண்ணிக்கையை எழுதினால் அதுவே 6,002 இலக்கம் வரும்.

1 முதல் 6 வரை மட்டும் வேண்டும் என்றால்?

இங்கேதான் இரண்டாவது வேலை தொடங்குகிறது. கம்ப்யூட்டர் முதலில் கொடுப்பது பகடை நம்பர் அல்ல. பெரும்பாலான மொழிகளில் 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு தசம எண்ணைக் கொடுக்கும். 0 வரலாம், ஆனால் முழு 1 வராது. ஜாவாஸ்கிரிப்டில் உள்ள 'மேத் டாட் ரேண்டம்' இப்படித்தான் கொடுக்கிறது.

அதைப் பகடையாக மாற்ற மூன்று படிகள்:

முதல் படி: எத்தனை எண்கள் வேண்டுமோ அதனால் பெருக்க வேண்டும். பகடைக்கு 6. உதாரணத்துக்கு 0.73 வந்தால், 6 ஆல் பெருக்க 4.38.

இரண்டாவது படி: புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட வேண்டும். 4.38 என்பது 4 ஆகிவிடும்.

மூன்றாவது படி: ஆரம்ப எண்ணைக் கூட்ட வேண்டும். பகடை 1-ல் தொடங்குவதால் 4 கூட்டல் 1. விடை 5.

அவ்வளவுதான். எந்த எல்லைக்கும் இதே வழிதான்.

10 முதல் 20 வரை மொத்தம் எத்தனை எண்கள்?

சட்டென்று 10 என்று சொல்லத் தோன்றும். தவறு. 11 எண்கள். 10-ம் தேதி முதல் 20-ம் தேதி வரை லீவு போட்டால் எத்தனை நாள் சம்பளம் பிடிப்பார்கள்? 11 நாள். அதே கணக்குதான் இது. கடைசி எண்ணில் இருந்து முதல் எண்ணைக் கழித்து, கூட ஒன்று சேர்க்க வேண்டும்.

அந்த ஒன்றை மறந்தால் என்ன ஆகும்? 10 முதல் 19 வரைதான் வரும். 20 வரவே வராது. ப்ரோகிராம் எந்தப் பிழையும் காட்டாமல் ஜோராக ஓடும். அதனால்தான் இது ஆபத்தான தவறு. 20-ம் நம்பர் டோக்கன் வைத்திருப்பவருக்கு மட்டும் பரிசே விழாது, ஏன் என்று யாருக்கும் தெரியாது.

மொழிக்கு மொழி வழக்கம் மாறுவதும் குழப்பத்துக்குக் காரணம். பைத்தானில் 'ரேண்ட்இன்ட்' என்று எழுதி 1, 6 கொடுத்தால் இரண்டு முனைகளும் சேர்த்தி. அதே பைத்தானில் 'ரேண்ட்ரேஞ்ச்' என்று எழுதி 1, 6 கொடுத்தால் 6 வராது, 5 வரைதான். ஜாவாவில் 'நெக்ஸ்ட்இன்ட்' என்று எழுதி 6 கொடுத்தால் 0 முதல் 5 வரை வரும். புதிதாகக் கற்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த முனைகளைத்தான்.

வெட்டுவதற்குப் பதில் முழுமையாக்கினால்?

புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டாமல், அருகில் உள்ள முழு எண்ணாக மாற்றினால் என்ன என்று சிலர் நினைப்பார்கள். அதாவது தசம எண்ணை 5 ஆல் பெருக்கி, அருகில் உள்ள முழு எண்ணை எடுத்து, 1 கூட்டுவது. 1 முதல் 6 வரை எல்லாமே வரத்தான் செய்யும். ஆனால் சமமாக வராது.

காரணம் எளிது. விடை 1 ஆக வேண்டும் என்றால் பெருக்கி வந்த எண் 0 முதல் 0.5-க்குள் இருக்க வேண்டும். 2 ஆக வேண்டும் என்றால் 0.5 முதல் 1.5 வரை எங்கே இருந்தாலும் போதும். 1-க்குக் கிடைத்த இடம், 2-க்குக் கிடைத்ததில் பாதி. 6-க்கும் அப்படியே. இந்தப் பகடையில் 1-ம் 6-ம் தலா 10 சதவீதம், நடுவில் உள்ள நான்கு எண்களும் தலா 20 சதவீதம். லூடோவில் 6 விழக் காத்திருப்பவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

மீதி எடுக்கும் வழியில் மறைந்திருக்கும் பாரபட்சம்

சி போன்ற மொழிகளில் இன்னொரு பழக்கம் உண்டு. பெரிய முழு எண் ஒன்றை வாங்கி, வேண்டிய எண்ணிக்கையால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்வது. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் இதிலும் ஒரு சிக்கல்.

100 பேருக்கு 0 முதல் 99 வரை டோக்கன் கொடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் கொடுப்பது ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரை 256 எண்களில் ஒன்று. அதை 100 ஆல் வகுத்து மீதி எடுக்கிறோம்.

டோக்கன் 7-க்குப் பரிசு விழ மூன்று வழிகள் உண்டு: 7, 107, 207. டோக்கன் 80-க்கு இரண்டே வழிகள்: 80, 180. 280 என்ற எண்ணே கிடையாது. ஆக 0 முதல் 55 வரை உள்ளவர்களுக்கு வாய்ப்பு, 56 முதல் 99 வரை உள்ளவர்களைவிட ஒன்றரை மடங்கு. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. 256 என்பது 100 ஆல் மீதமின்றி வகுபடாது என்பதுதான் காரணம்.

தீர்வும் எளிதானதுதான். 200 முதல் 255 வரை ஏதாவது வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். 0 முதல் 199 வரை வந்தால் மட்டும் மீதி எடுக்கலாம். அப்போது எல்லோருக்கும் சரியாக இரண்டு வழிகள். பகடை மேஜையை விட்டுக் கீழே விழுந்தால் மறுபடி போடுவோமே, அது மாதிரி.

பெரிய எண்களை வைத்துச் செய்தால் இந்தப் பாரபட்சம் மிகவும் சிறிதாகிவிடும். ஆனாலும் பணமோ, இடமோ சம்பந்தப்பட்ட இடத்தில் சிறியதாக இருக்கிறது என்று விட்டுவிட முடியாது.

1999: சீட்டுக்கட்டை உடைத்த மூன்று தவறுகள்

இப்போது நிஜத்தில் நடந்த கதை. 1999-ல் ஆன்லைன் போக்கர் புதுசு. 'பிளானெட் போக்கர்' உள்ளிட்ட தளங்களுக்கு ஏ.எஸ்.எஃப் என்ற நிறுவனம் சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருந்தது. எங்கள் ஆட்டம் நேர்மையானது என்று காட்டுவதற்காக, சீட்டைக் கலைக்கும் ப்ரோகிராமையே அந்த நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்காவின் 'ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜிஸ்' நிறுவன ஆய்வாளர்கள் அதை எடுத்துப் படித்தார்கள். சில வரிகளுக்குள் மூன்று தவறுகள் இருந்தன.

தவறு 1, எல்லை: 52 சீட்டுகளில் ஒன்றைத் தேர்வு செய்ய 1 முதல் 52 வரை எடுக்க வேண்டும். ப்ரோகிராம் எடுத்தது 1 முதல் 51 வரை. விளைவு, 52-வது சீட்டு 52-வது இடத்தில் இருக்கவே முடியாது. நாம் மேலே பார்த்த அதே 'ஒன்று குறைந்த' தவறு.

தவறு 2, கலைக்கும் முறை: ஒவ்வொரு சீட்டையும் கட்டில் உள்ள ஏதாவது ஒரு சீட்டோடு இடம் மாற்றினார்கள். நியாயமாகத்தான் தெரிகிறது, இல்லையா? மூன்று சீட்டை மட்டும் வைத்துப் பாருங்கள். மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று வழி என்றால் மொத்தம் 27 வழிகள். ஆனால் மூன்று சீட்டை அடுக்கக்கூடிய வரிசைகள் 6 தான். 27 ஐ 6 பேருக்குச் சமமாகப் பங்கு வைக்க முடியாது. சில வரிசைகள் 5 வழிகளில் வரும், சில 4 வழிகளில்தான் வரும். சரியான வழி, ஏற்கெனவே இடம் உறுதியான சீட்டைத் தொடாமல், மீதி உள்ளவற்றில் இருந்து மட்டும் எடுப்பது. அதாவது ஒவ்வொரு படியிலும் எல்லை ஒன்று ஒன்றாகக் குறைய வேண்டும். 'ஃபிஷர்-யேட்ஸ்' முறை என்று பெயர்.

தவறு 3, விதை எண்: இதுதான் பெரிய ஓட்டை. நள்ளிரவில் இருந்து எத்தனை மில்லி செகண்ட் ஆகியிருக்கிறது என்பதை விதை எண்ணாக வைத்திருந்தார்கள். ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் மில்லி செகண்ட். பெரிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய மொத்த வழிகள் 68 இலக்கம் கொண்ட ஓர் எண். அதில் வெறும் 8.64 கோடி மட்டுமே இந்த ஆட்டத்தில் வர முடியும்.

அதோடு முடியவில்லை. தளத்தின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்துப்போகச் செய்ததும், தேட வேண்டியது சுமார் 2 லட்சமாகச் சுருங்கிவிட்டது. கையில் உள்ள 2 சீட்டு, மேஜையில் திறந்த 3 சீட்டு, இந்த ஐந்தையும் கொடுத்தால் போதும். எதிராளி கையில் என்ன, அடுத்து வரப்போவது என்ன என்று அவர்கள் எழுதிய ப்ரோகிராம் ஆட்டம் நடக்கும்போதே சொல்லிவிட்டது. ஆய்வாளர்கள் அதைப் பகிரங்கமாகச் சொன்னார்கள், யாரையும் ஏமாற்றவில்லை. வேறு யாராவது முதலில் கண்டுபிடித்திருந்தால்?

உள்ளே இருப்பவரே விதையை மாற்றினால்?

அதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்களுக்கு லாட்டரி நடத்தும் கூட்டமைப்பில் தகவல் பாதுகாப்பு இயக்குநராக இருந்தவர் எடி டிப்டன். குலுக்கல் எண்களை எடுக்கும் ப்ரோகிராமிலேயே தன் கைவரிசையைக் காட்டினார். ஆண்டின் குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டும், வரப்போகும் எண்களை முன்கூட்டியே ஊகிக்க முடிகிற மாதிரி அது நடந்துகொள்ளும். மற்ற நாட்களில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

2010 டிசம்பர் 29-ல் நடந்த 'ஹாட் லாட்டோ' குலுக்கலில் பரிசு 1 கோடியே 65 லட்சம் டாலர். அந்தச் சீட்டை யார் வாங்கினார்கள் என்ற விசாரணைதான் அவரிடம் கொண்டுபோய் விட்டது. 2017-ல் அவருக்கு அதிகபட்சம் 25 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அப்படியானால் துண்டுச்சீட்டுக் குலுக்கலே நல்லதா?

அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க, 1969 டிசம்பர் 1-ல் அமெரிக்கா பிறந்த தேதிகளைக் குலுக்கிப் போட்டது. 366 தேதிகள், 366 சின்னக் குப்பிகள். சரியாகக் கலக்கவில்லை. ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களின் தேதிகள் முன்னாலேயே அதிகமாக வந்துவிட்டன. முன்னால் வந்த தேதி என்றால் முதலில் போருக்கு அழைப்பு. கையால் கலக்கினாலும், கணக்கால் கலக்கினாலும் கேள்வி ஒன்றுதான்: எல்லோருக்கும் சம வாய்ப்பு இருந்ததா?

ஓடிபி-க்கு எந்த ரேண்டம் எண்?

6 இலக்க ஓடிபி என்பது 000000 முதல் 999999 வரை உள்ள எல்லைக்குள் ஒரு நம்பர். மொத்தம் 10 லட்சம். முன்னால் பூஜ்யம் வரக் கூடாது என்று 100000-ல் தொடங்கினால் 9 லட்சமாகக் குறையும்.

இதற்கு விளையாட்டில் பயன்படுத்தும் ரேண்டம் எண் போதாது. மெர்சென் ட்விஸ்டர் நன்றாகக் கலந்துதான் கொடுக்கும். ஆனால் அதன் முழு 32-பிட் வெளியீடுகள் 624 தொடர்ச்சியாகக் கிடைத்தால், அடுத்து வரும் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அதனால் ஓடிபி, பாஸ்வேர்டு போன்றவற்றுக்குத் தனி வழி உண்டு. கருவிகளில் இருந்து சிக்னல் வரும் நேரத்தில் ஏற்படும் நுண்ணிய வித்தியாசம், சிப்பில் எழும் மின் இரைச்சல் என யாரும் ஊகிக்க முடியாத விஷயங்களை ஆபரேட்டிங் சிஸ்டம் சேகரித்து வைத்துக்கொள்கிறது. அதில் இருந்து விதை எடுக்கப்படுகிறது. பைத்தானில் இதற்கென்றே 'சீக்ரெட்ஸ்' என்ற பகுதி 3.6 பதிப்பில் இருந்து இருக்கிறது. பிரவுசர்களில் 'க்ரிப்டோ' என்ற பகுதி உண்டு.

நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி?

பகடை ப்ரோகிராம் எழுதினால் அதை 60,000 முறை ஓட விடுங்கள். ஒவ்வொரு எண்ணும் எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் 10,000-ஐ ஒட்டி வர வேண்டும். 100, 200 கூடக்குறைய இருப்பது இயல்பு. ஏதாவது ஒன்று 12,000-க்குப் போனாலோ, ஒரு முனை எண் வரவே இல்லை என்றாலோ, ப்ரோகிராமில் தவறு இருக்கிறது.

அடுத்தடுத்து மூன்று முறை 6 விழுந்தால் பதற வேண்டாம். நிஜப் பகடையிலும் அது நடக்கும். மாறாக, எல்லா எண்ணும் துல்லியமாக 10,000 வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் சமமாக வருவது மட்டும் போதாது. நாம் பேப்பரில் போட்ட 16 எண் வரிசை நினைவிருக்கிறதா? எல்லா எண்ணும் சரிசமமாக ஒருமுறை வந்தது. ஆனாலும் விதி தெரிந்தவருக்கு அடுத்த எண் வெட்ட வெளிச்சம். சமமாக இருப்பது வேறு, ஊகிக்க முடியாமல் இருப்பது வேறு. விளையாட்டுக்கு முதலாவது போதும். பணத்துக்கும் பாதுகாப்புக்கும் இரண்டுமே வேண்டும்.

பொதுமக்கள் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் நடக்கிறது. இன்னும் பல இடங்களில் குலுக்கல் மெல்ல மெல்லக் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருக்கிறது. 'கம்ப்யூட்டர் எடுத்தது, அதனால் சரியாகத்தான் இருக்கும்' என்று விட்டுவிடாமல் இந்த மூன்றையும் கேட்கலாம்.

1. முதல் நம்பரும் கடைசி நம்பரும் குலுக்கலில் சேர்ந்திருக்கிறதா?

2. எல்லா நம்பருக்கும் ஒரே அளவு வாய்ப்பு இருக்கிறது என்று சோதித்துப் பார்த்தார்களா?

3. விதை எண் எங்கிருந்து வந்தது? முடிவு வெளியாகும் முன் அது யாருக்காவது தெரியுமா?

சமவாய்ப்பு எண் என்று தமிழில் வைத்திருக்கும் பெயரே இதைத்தான் சொல்கிறது. நம்பர் தாறுமாறாகத் தெரிந்தால் மட்டும் போதாது, வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். அது கம்ப்யூட்டர் தானாகக் கொடுப்பதில்லை. ப்ரோகிராம் எழுதுபவர் பார்த்துப் பார்த்து எழுதினால்தான் கிடைக்கும்.